பறையர், ‘பரையா’: ஆங்கிலம் எடுத்துக்கொண்ட ஒரு பெயர்

தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொற்கள் என்று ஒரு பட்டியல் நம்ம தமிழ் வாத்தியார்களிடம் எப்போதும் தயாராக இருக்கும். கட்டுமரம், சுருட்டு, கறி, மிளகுத்தண்ணி. மொழிப்பெருமை பேசுகிற மேடைகளில் இதற்குக் கைதட்டல் நிச்சயம். கொஞ்சம் துணிச்சல்காரர்கள் ‘கூலி’யையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு சொல் மட்டும் இந்தப் பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். கட்டுமரத்தையும் சுருட்டையும் விட ஆங்கில நாளேடுகளில் அதிகம் அடிபடுகிற சொல் அது. ‘பரையா’ என்று அதை உச்சரிக்கிறார்கள். பறையர் என்கிற நம்ம பெயர்தான் அது.

இன்றைய ஆங்கில அகராதி எதைத் திறந்தாலும் அதற்குப் பொருள் இப்படித்தான் இருக்கும்: யாராலும் சேர்த்துக்கொள்ளப்படாதவர், விலக்கி வைக்கப்பட்டவர். அதற்குப் பிறகு, தென்னிந்தியாவின் ஒரு தாழ்ந்த சாதி என்று ஒரு வரி வரும். பல அகராதிகளில் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘பழைய வழக்கு’ என்று ஒரு குறிப்பும் இருக்கும். பழைய வழக்காம்! லட்சக்கணக்கான பேர் உயிரோடு இருக்கிறோம். சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறது. நம்மை உவமையாக்கியது நடப்புப் பொருளாகிவிட்டது. நாம் பழைய பொருளாகிவிட்டோம்.

இது எப்படி நடந்தது? ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர், அந்தக் கூட்டத்தின்மேல் சுமத்தப்பட்ட இழிவின் பெயராக உலகமெல்லாம் எப்படிப் பரவியது? சொல்லாராய்ச்சி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இந்தச் சொல் போன பாதையைத் தொடர்ந்து போனால் அது கடைசியில் நிலத்தில் போய் நிற்கிறது. அதுவும் பூந்தமல்லியும் அம்பத்தூரும் ஆவடியும் அன்றைக்கு அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்து நிலத்தில்.

1

முதலில் தமிழ்ச் சொல்லைப் பார்ப்போம். புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் நான்கு குடிகளைச் சொல்லி, இவை தவிர வேறு குடி இல்லை என்கிறார். அந்த நான்கில் பறையனும் ஒருவன். துடியனோடும் பாணனோடும் கடம்பனோடும் சேர்த்துச் சொல்லப்படுகிறான். அங்கே இழிவு இல்லை, விலக்கும் இல்லை. ஒரு குடியின் பெயர், அவ்வளவுதான்.

‘பறை’ என்பதற்குத் தமிழில் ஒரு பொருள் மட்டும் கிடையாது. அது தோல் இசைக்கருவி. அது ஒரு முகத்தல் அளவை. கேரளத்தில் இன்றும் நெல்லைப் பறையால் அளக்கிறார்கள். அது பேச்சு, ‘பறைதல்’ என்றால் சொல்லுதல். பழந்தமிழில் உள்ள இந்த வினை, மலையாளத்தில் இன்றைக்கும் அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. அங்கே ஒருத்தர் ‘பறஞ்ஞு’ என்றால் ‘சொன்னார்’ என்று பொருள். ஊருக்குச் சேதி சொன்னவன், அறைந்து அறிவித்தவன் என்கிற பொருள் இந்தப் பெயருக்குள்ளே கிடக்கிறது.

நம்ம பக்கம் எல்லாமே ஏரிப் பாசன ஊர்கள். செம்பரம்பாக்கம், பருத்திப்பட்டு, அம்பத்தூர், கொரட்டூர் என்று ஏரியை வைத்துத்தான் ஊர் இருந்தது. இப்படிப்பட்ட ஊர்களில் வெட்டியான் வேலையும், தலையாரி வேலையும், வயலுக்கு முறை வைத்து நீர் பாய்ச்சுகிற வேலையும் சேரி ஆட்கள் பார்த்தார்கள். சாவுச் சேதி சொல்வது, ஊரைக் கூட்டுவது, திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதை அறிவிப்பது எல்லாம் பறைதான். ஒரு வயசாளி சொன்னார்: ‘நாங்க அடிக்கலன்னா பொணமும் நவுராது, சாமியும் நவுராது.’ இது வெறும் வீறாப்புப் பேச்சு இல்லை. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட சாதிகள் பற்றிய நூலில் சில உரிமைகளைப் பதிவு செய்திருக்கிறார். ஊர் எல்லைத் தகராறு வந்தால் பறையரின் சொல்லை ஏற்று எல்லை குறித்திருக்கிறார்கள். சென்னைக் கறுப்பர் நகரத்து அம்மன் திருவிழாவில் தெய்வத்துக்குத் தாலி கட்டும் சடங்கில் மணமகனாக ஒரு பறையர்தான் நின்றிருக்கிறார். எல்லை தெரிந்தவன், தெய்வத்துக்கு உரியவன் என்கிற பழைய உரிமையின் மிச்சங்கள் இவை.

அப்படியானால் இழிவு எங்கே வந்தது? ராசராசன் தஞ்சைக் கோயிலில் வெட்டி வைத்த கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊர்தோறும் வரி நீக்கிய இடங்களின் பட்டியலில் ஊர்நத்தம் தனியாக இருக்கிறது, பறைச்சேரி தனியாக இருக்கிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் இருக்கிறது. சுடுகாடுகூட இரண்டு. பொற்காலம் என்று சொல்லப்படுகிற காலத்தில் ஊரும் சேரியும் கல்லிலேயே பிரித்து எழுதப்பட்டுவிட்டன. நிலம் ஊர்க்காரனுக்கும் கோயிலுக்கும் போனது, உழைப்பு சேரியிலிருந்து வந்தது. உழைக்கிறவனை நிலத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டுமானால் அவனைத் தொடக்கூடாதவன் என்று சொல்வது வசதியாக இருந்தது. பெயர் பழசு. பெயரின்மேல் ஏறிய தீட்டு, நிலவுடைமையோடும் பார்ப்பனியத்தோடும் சேர்ந்து வந்தது. இந்த வேறுபாட்டை மனசில் வைத்துக்கொண்டு கடலுக்கு அந்தப் பக்கம் போவோம்.

2

போர்ச்சுகீசியரான துவார்த்தே பர்போசா 1516-ஐ ஒட்டி எழுதிய குறிப்புகளில் இந்தச் சொல் ‘பரேயாஸ்’ என்று வருகிறது. கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரன் ஊர் ஊராகப் போய்ச் சேரி ஆட்களிடம் பேசி எழுதிய குறிப்பு இல்லை இது. மேல்சாதிக்காரர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியது. அதனால்தான் முதல் பதிவிலேயே தாழ்ந்தவர்கள், ஒதுக்குப்புறத்தில் வாழ்கிறவர்கள் என்கிற விளக்கம் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொல் சாமுவேல் பர்ச்சஸ் 1613-ல் வெளியிட்ட நூலில் காணப்படுகிறது. அங்கேயும் இதே கதைதான்.

இதில் கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பியர் எடுத்துக்கொண்டது ‘பறையன்’ என்ற ஒருமையை இல்லை, ‘பறையர்’ என்ற பன்மையை. பழைய ஆங்கிலப் பதிவுகளில் ‘பரியர்’ என்று கடைசி ரகரத்தோடேயே எழுதியிருக்கிறார்கள். நம்மூர் பண்ணையார் வாயில் வராத ‘அர்’ விகுதி அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. போகப்போக ரகரம் தேய்ந்தது, வல்லின றகரம் இடையின ரகரமானது, பன்மை ஒருமையானது. ‘பரையா’ மிஞ்சியது.

கம்பெனிக்காரன் சென்னையில் கோட்டை கட்டினான். அவன் வீட்டில் சமைக்க, குதிரை பார்க்க, பிள்ளை தூக்க, பட்டாளத்தில் சேர நம்ம ஜனங்கள் போனார்கள். மாட்டுக்கறி சமைக்கத் தீட்டுப் பார்க்காதவர்கள் அவர்கள்தான். அயோத்திதாசர் தம் பாட்டனார் கந்தப்பனைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் ஒரு வெள்ளைத் துரையிடம் பட்லராக இருந்தவர். தம் குடும்பத்தில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைத் துரையிடம் கொடுத்தார். அது எல்லீசுக்குப் போய்ச் சேர்ந்து அச்சுக்கு வழி திறந்தது. துரை வீட்டுச் சமையல்கட்டில் நின்றவன் கையில் குறள் இருந்திருக்கிறது. ஆனால் அந்த வீட்டுத் துரைமார்கள் அந்தப் பெயரை எப்படிப் பயன்படுத்தினார்கள்?

யூலும் பர்னலும் 1886-ல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்கிற ஆங்கில-இந்தியச் சொல்லகராதி இதற்குச் சாட்சி. ‘பரையா’ என்ற சொல்லுக்குக் கீழே ஒரு குட்டிக் குடும்பமே இருக்கிறது. மட்டமான சாராயம் ‘பரையா சாராயம்’. தெருவில் திரியும் நாட்டு நாய் ‘பரையா நாய்’. குப்பைமேட்டில் வட்டமிடும் பருந்து ‘பரையா பருந்து’. எது மட்டமோ, எதற்குச் சொந்தக்காரன் இல்லையோ, அதற்கெல்லாம் நம்ம பெயர். அந்த நாயையும் பருந்தையும் இன்றைக்கும் ஆங்கில நூல்களில் அதே பெயரில் பார்க்கலாம்.

அதே அகராதியில் இன்னொரு சொல் இருக்கிறது: ‘பச்சேரி’. வங்காளத்துப் பட்டாளங்களில் கல்யாணமான சிப்பாய்கள் குடியிருந்த வரிசைக் குடிசைகளுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் அது. மதராசிலிருந்து போன ‘பறைச்சேரி’தான் இப்படித் திரிந்திருக்கும் என்பது அகராதிக்காரர்களின் கருத்து. வெள்ளைச் சிப்பாயும் அவன் பெண்டாட்டியும் பறைச்சேரியில் குடியிருந்தார்கள், பெயர் தெரியாமலே!

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஐரோப்பியர் இந்தச் சொல்லைச் சாதியில்லாதவர்கள், எல்லாருக்கும் கீழானவர்கள் என்று பொதுவாகப் பயன்படுத்துவது பிழை என்று யூலும் பர்னலுமே எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் மிகப் பெரிய மக்கள் தொகுதிகளில் ஒன்றின் பெயர் இது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அகராதி எழுதியவர்களுக்கே அன்றைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மொழி அகராதிக்காரன் சொல்வதைக் கேட்டு நடப்பதில்லை.

3

இந்தச் சொல் ஐரோப்பாவில் வேறு ஒரு பிழைப்பும் பிழைத்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1791-ல், பெர்னார்தான் த சேன்-பியேர் ‘இந்தியக் குடிசை’ என்றொரு குறுநாவல் எழுதினார். உண்மையைத் தேடி இந்தியாவுக்கு வருகிற ஒரு ஆங்கில அறிஞனுக்குப் பூரி பிராமணனிடம் பதில் கிடைக்கவில்லை. புயல் மழையில் ஒதுங்கிய ஒரு பறையனின் குடிசையில்தான் கிடைக்கிறது. அந்தக் கதை ஐரோப்பிய மொழிகளில் பரவியது. பிறகு வரிசையாக வந்தன: 1821-ல் பாரிசில் தெலவீஞ்ஞின் ‘பரையா’ நாடகம், 1823-ல் பெர்லினில் மிகயேல் பேரின் நாடகம், 1829-ல் நேப்பிள்சில் தோனிசெத்தியின் இசைநாடகம். தந்தை வழியில் பெருவைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரி ஃப்ளோரா த்ரிஸ்தான் 1838-ல் தன் பயணக் கதைக்கு, ஒரு பரையாவின் யாத்திரைகள் என்று பொருள்படப் பெயர் வைத்தார். கணவனை விட்டு வெளியேறிய பெண் தன்னை இந்தப் பெயரால் அழைத்துக்கொண்டார்.

கெதே 1820-களில் ‘பரையா’ என்ற தலைப்பிலேயே மூன்று கவிதைகள் எழுதினார். அதில் வருகிற கதை நமக்குத் தெரிந்த கதை. தாயின் தலையை மகன் வெட்டுகிறான். திரும்ப ஒட்டும்போது பார்ப்பனத்தியின் தலை தீண்டப்படாத பெண்ணின் உடம்பில் ஏறிவிடுகிறது. ரேணுகா கதை, நம்ம மாரியாத்தா கதை. திருவேற்காடு கருமாரிக்குக் கூழ் ஊற்றப் போகிற கிழவிகளைக் கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். சொன்னெரா என்ற பிரெஞ்சுப் பயணி 1782-ல் தன் பயண நூலில் எழுதி, அது செர்மனிக்குப் போனது. நம்ம சேரியின் கதை உலகக் கவிஞனுக்குப் பொருளானது நல்லதுதான். ஆனால் கதை சொன்ன கிழவி யார் என்று யாருக்கும் தெரியாது.

இந்த வரிசையில் மிகயேல் பேர் முக்கியமானவர். அவர் ஒரு யூதர். அவர் மேடையில் நிறுத்திய பறையன் உண்மையில் ஐரோப்பிய யூதன்தான். ஒதுக்குப்புறத்தில் அடைக்கப்பட்ட, எதிலும் சேர்க்கப்படாத யூதன் தன் நிலையைச் சொல்ல நம்ம பெயரை எடுத்துக்கொண்டான். சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் யூதர்களைப் ‘பரையா மக்கள்’ என்று கோட்பாடாகவே எழுதினார். டிரைபஸ் வழக்குக் காலத்தில் பெர்னார் லசார், தன் நிலையை அறிந்து எதிர்த்து நிற்கிற ‘உணர்வுள்ள பரையா’ என்றொரு கருத்தை வைத்தார். நாசிகளிடமிருந்து தப்பிய ஹன்னா அரெண்ட் 1944-ல் அதை எடுத்து எழுதினார்.

ஒடுக்கப்பட்ட இன்னொரு மக்கள் தங்கள் வலியைச் சொல்ல நம்ம பெயரை எடுத்தது நமக்குக் கோபம் தருகிற விஷயம் இல்லை. அது ஒருவகைத் தோழமை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாடகத்திலும் கவிதையிலும் தத்துவத்திலும் பறையர் உவமையாக இருந்தார்களே தவிர, பேசுகிற ஆளாக இல்லை. அந்த நூற்றைம்பது ஆண்டில் ஒரு ஐரோப்பிய அறிஞராவது, ‘அந்தச் சனங்க இப்ப எங்க இருக்காங்க, என்ன பண்றாங்க, அவங்களே என்ன சொல்றாங்க’ என்று கேட்டிருந்தால் சென்னையிலிருந்து பதில் கிடைத்திருக்கும்.

4

பாரிசிலும் பெர்லினிலும் உவமையாகத் திரிந்த அதே சொல், 1890-களில் சென்னை மாகாண அரசின் கோப்புகளில் நிலப் பிரச்சினையாக வந்து நின்றது. செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. டிரெமென்ஹீர் 1891-ல் மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பூந்தமல்லியும் ஆவடியும் அம்பத்தூரும் கழனியும் ஏரியுமாக இருந்த காலம். இன்றைய தொழிற்பேட்டை, டாங்கித் தொழிற்சாலை எதுவும் கிடையாது.

அறிக்கை சொன்ன விஷயம் தெளிவானது. சேரிக் குடிசை நிற்கிற மனைகூடக் குடியிருப்பவனுக்குச் சொந்தமில்லை, மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். கடனுக்குப் படியாளாகப் போனவன் கடன் தீராமலே சாவான், மகன் தொடர்வான். சரி, அரசாங்கத் தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து போட்டுப் பட்டா வாங்கலாம் என்றால், மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை. பறையன் மனு போட்ட உடனே மிராசுதாரன் குறுக்கே வந்து அந்த நிலத்தைத் தான் எடுத்துக்கொள்வான். உழுவதற்கு இல்லை, இவன் கையில் போகக்கூடாது என்பதற்கு. சொந்த நிலம் வந்துவிட்டால் படியாள் கிடைக்க மாட்டானே!

தீண்டாமை என்ற சொல்லுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. பறையனை விலக்கி வைத்தது கோயிலிலிருந்து மட்டும் இல்லை, பட்டாவிலிருந்து. வேலைக்கு அவன் வேண்டும், விலக்கவே முடியாது. விடியற்காலையில் ஏர் பூட்ட அவன் இல்லாவிட்டால் ஊர் சோறு தின்னாது. ஆங்கில அகராதி சொல்வதுபோல அவன் ‘சமூகத்துக்கு வெளியே தள்ளப்பட்டவன்’ இல்லை. சமூகத்தின் அடியில் கட்டிப் போடப்பட்டவன். வெளியே தள்ளியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்! இங்கேதான் ஆங்கிலச் சொல் பொய் சொல்கிறது. சுரண்டலை மறைத்துவிட்டு விலக்கலை மட்டும் காட்டுகிறது.

அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010, 1010-ஏ வந்தன. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்க வழி பிறந்தது. அதுதான் பஞ்சமி நிலம். பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. தமிழகம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் பரவலாகச் சொல்கிற கணக்கு. அதில் பெரும்பகுதி கைமாறிப் போனதும் நமக்குத் தெரியும். அந்த நிலத்தை மீட்கக் காரணையில் இறங்கியபோது, 1994 அக்டோபர் 10-ல் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அறிக்கை எழுதப்பட்ட அதே செங்கல்பட்டு மண்ணில், நூறு வருசம் கழித்து.

5

சென்னையிலிருந்து பதில் கிடைத்திருக்கும் என்று மேலே சொன்னேன். அதே 1890-களில் இங்கே இரண்டு பதில்கள் இருந்தன.

முதல் பதில் இரட்டைமலை சீனிவாசனுடையது. 1893 அக்டோபரில் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் ‘பறையன்’. ஏழாண்டுகள் நடத்தினார். பெயரை ஒளித்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது என்பது அவருடைய வாதம். எந்தப் பெயரைச் சொல்லி அடிக்கிறார்களோ அந்தப் பெயரைச் சொல்லித்தான் திருப்பிக் கேட்க வேண்டும். நான் இன்னார் என்று முன்னால் வந்து நிற்காதவனுக்கு யாரும் எதையும் கொடுக்க மாட்டார்கள். ஐரோப்பாவில் லசார் ‘உணர்வுள்ள பரையா’ பற்றி யோசித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், சென்னையில் ஒரு மனிதர் அந்தப் பெயரைத் தலைப்பாக அச்சடித்துத் தெருவில் விற்றுக்கொண்டிருந்தார். உலகச் சிந்தனை வரலாற்றில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை.

இரண்டாவது பதில் அயோத்திதாச பண்டிதருடையது. அவர் அந்தப் பெயரை ஏற்கவே இல்லை. 1881 கணக்கெடுப்பிலேயே ஆதித்தமிழர் என்று பதியச் சொன்னார். 1891-ல் திராவிட மகாஜன சபையை ஏற்படுத்தினார். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். நாம் பூர்வ பௌத்தர்கள்; வேஷப் பிராமணர்களின் பொய்யை ஊரறியப் பறைந்தவர்கள், அதாவது வெளியே சொன்னவர்கள்; அந்தப் பகையால் நமக்கு ஒட்டவைத்த பெயர்தான் பறையர் என்பது அவர் தந்த விளக்கம். மொழியியல்காரர்கள் இதை ஏற்பார்களா என்பது வேறு விஷயம். அவர் செய்த வேலையைப் பாருங்கள். பெயரை இயற்கை என்று விடாமல், அதற்கு ஒரு வரலாறு உண்டு, அந்த வரலாற்றில் ஒரு எதிரி உண்டு என்று காட்டினார். சொல்லாராய்ச்சியை ஆயுதமாகப் பிடித்த முதல் ஆட்களில் அவர் ஒருவர்.

இந்த இரண்டு பேரும் மாமன் மச்சான் உறவு. பெயரில் எதிரெதிர்த் திசை. இன்னும் நம்ம சங்கக் கூட்டங்களில் இந்தச் சண்டை நடக்கிறது. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: எங்கள் பெயரை நாங்கள்தான் முடிவு செய்வோம்.

மூன்றாவதாக எம்.சி. ராஜா சட்டமன்றத்துக்கு இதைக் கொண்டுபோனார். 1922-ல் சென்னைச் சட்டமன்றத் தீர்மானத்தின் வழியாக, அரசு ஆவணங்களில் பறையன், பஞ்சமன் என்பவற்றை நீக்கித் தமிழ்ப் பகுதிகளில் ஆதி திராவிடர் என்று எழுத வேண்டும் என்று மார்ச் 25-ல் அரசாணை 817 வந்தது. ஆனாலும் இன்றைய பட்டியல் சாதிகள் பட்டியலில் ஆதி திராவிடரும் உண்டு, பறையனும் தனியாக உண்டு. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு பெயரிலும் தம்பிக்கு இன்னொரு பெயரிலும் சான்றிதழ் இருப்பதைப் பார்க்கலாம்.

6

இப்போது நடப்புக்கு வருவோம். தன் நாட்டிலேயே கறுப்பர்களைத் தீண்டாதவர்களாக்கிய வெள்ளைத் தென்னாப்பிரிக்காவை உலக நாடுகள் ஒதுக்கியபோது, ஆங்கில ஏடுகள் அதற்கு வைத்த பெயர் ‘பரையா நாடு’. தீண்டாமையைச் செய்தவனுக்குத் தீண்டப்படாதவனின் பெயர்! அமெரிக்காவின் பைடன் 2019-ல் தேர்தல் விவாதத்தில் சவூதி அரேபியாவைப் ‘பரையா’ ஆக்குவோம் என்றார். 2022-ல் உக்ரைன்மீது படையெடுத்த ருஷ்யாவுக்கும் அதே பெயர். கொலை செய்தவன், குற்றம் செய்தவன், அதனால் விலக்கப்பட்டவன் என்ற பொருள் இதில் வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியானால் நம்ம பாட்டன் செய்த குற்றம் என்ன?

அம்பத்தூரில் மாலை நேரப் படிப்பகத்தில் பன்னிரண்டாவது படிக்கிற பெண் ஒருத்தி ஆங்கில நாளேட்டை நீட்டிக் கேட்டாள்: ‘அண்ணா, இது நம்மளையா சொல்றாங்க?’ இந்தக் கேள்விக்கு அகராதியில் பதில் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லிருந்து இருக்கிறது. பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் குற்றம். அப்படிப்பட்ட நாட்டில், இதே சொல் ஆங்கில உடுப்புப் போட்டுக்கொண்டு தலையங்கத்தில் வந்தால் நல்ல நடை என்று பாராட்டுகிறார்கள். எழுதுகிற ஆசிரியர்களில் பலர் தமிழ் தெரிந்தவர்கள்.

மலேசியாவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அப்துல்லா ஹுசைன் 1971-ல் எழுதிய ‘இன்டர்லோக்’ நாவல் பள்ளிப் பாடநூலாக்கப்பட்டது. அங்கே போன தமிழர்களைப் ‘பரையா’ சாதியாரென்று அது குறித்திருந்தது. தமிழர் அமைப்புகள் போராடின. 2011 டிசம்பரில் நாவல் திரும்பப் பெறப்பட்டது. ஒரு இனத்தையே இழிவுபடுத்தும் வசையாக அந்தச் சொல் அங்கே புழங்குவது உண்மை, போராட்டம் நியாயம். ஆனால் ‘நாங்கள் பறையர் இல்லை’ என்று சொல்லி எதிர்ப்பதும், ‘பறையர் என்பது வசை இல்லை’ என்று சொல்லி எதிர்ப்பதும் ஒன்றில்லை. முதலாவதில் சாதி அப்படியே பத்திரமாக இருக்கிறது.

என்ன செய்யலாம்? அகராதியிலிருந்து சொல்லை அழிக்கச் சொல்வது நம் கோரிக்கையாக இருக்க முடியாது. அழித்தால் சாட்சியும் போய்விடும். ஒரு மக்களின் பெயர், அவர்களை அடிமைப்படுத்தியவர்கள் சொன்ன பொருளில் எழுதப்பட்டது என்பதை அந்தப் பதிவிலேயே எழுதச் சொல்லலாம். ‘பழைய வழக்கு’ என்ற குறிப்பை எடுக்கச் சொல்லலாம். நாளேடுகளுக்கு மாணவர்கள் கடிதம் எழுதலாம். பத்துக் கடிதம் போனால் ஒரு ஆசிரியனாவது அடுத்தமுறை பேனாவை நிறுத்துவான். பறை இன்றைக்குக் கல்லூரி மேடைகளில் ஒலிக்கிறது, பெண்கள் எடுத்து அடிக்கிறார்கள். அந்த மேடைகளில் அடவோடு சேர்த்துச் சீனிவாசனையும் அயோத்திதாசரையும் சொல்லிக் கொடுக்கலாம்.

இன்னொரு வேலை நம்ம பக்கத்திலேயே கிடக்கிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஏரிக்கரை வரைக்கும் மனை போட்டுவிட்டார்கள். எந்தப் புல எண் யார் பெயரில் ஒதுக்கப்பட்டிருந்தது, 1980-களின் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டில் அது என்னவாக மாறியது என்பது தாலுகா அலுவலகத்துப் பழைய பதிவேடுகளில் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். படித்த பிள்ளைகள் ஊருக்கு இரண்டு பேராவது இதைக் கையில் எடுக்க வேண்டும். பெயரின்மேல் ஏறிய தீட்டு நிலத்திலிருந்து ஏறியது. இறக்குவதும் அங்கேயிருந்துதான் தொடங்கும்.